பார்த்துச் செய்வதும் புரிந்துகொள்வதும்

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் நான்கு வயது மகன், நாங்கள் கையசைத்தால் திருப்பிக் கையசைப்பதில்லை, ஆனால், ஒரு பெட்டியைத் திறக்கும் விதத்தை ஒருமுறை பார்த்தாலே செய்துவிடுகிறான். பிறர் மனம் அவனுக்குப் புரியவில்லை என்று கொள்ளலாமா?

பதில்: அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். பொருளைக் கையாளும் செயலில் பயன் கண்முன்னே தெரிகிறது. கையசைப்பிலோ எதிரில் இருப்பவரோடு கொள்ளும் உறவைத் தவிர வேறு பயன் இல்லை. ஆகவே இந்த ஏற்றத்தாழ்வு ஆட்டிசத்தில் அடிக்கடி காணப்படுவதே. உளவியலாளர்கள் ஹாப்சன், லீ ஆகியோர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள இளையோர் காட்டப்பட்ட செயலைச் சரியாகச் செய்தனர். ஆனால், அது மென்மையாகச் செய்யப்பட்டதா முரட்டுத்தனமாகச் செய்யப்பட்டதா என்னும் பாணியை மற்றவர்களைவிடக் குறைவாகவே பின்பற்றினர்.

ஒருவர் ஒரு பொருளைப் பிரிக்க முயன்று தோற்பதைக் காட்டினால், 18 மாதக் குழந்தைகள் அந்தத் தோல்வியை அப்படியே செய்யாமல், அவர் எண்ணியதைச் செய்து முடிப்பதை 1995-இல் உளவியலாளர் மெல்ட்சாஃப் காட்டினார். பின்னர் நடந்த இத்தகைய சோதனைகளில் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரும் அவ்வாறே முடித்தனர். நோக்கம் புரிகிறது, அதைப் பகிர்ந்துகொள்ளும் தூண்டுதல்தான் பலவீனமாக இருக்கக்கூடும். உடல் அசைவுகளைத் திட்டமிடுவதில் உள்ள சிரமமும் ஒரு காரணமாகலாம். இதைத் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) காட்டுங்கள்.

வீட்டில், அவன் கையைப் பிடித்து அசைக்க வைப்பதைவிட, அவன் விளையாடும் பொம்மையைப் போன்ற இன்னொன்றை எடுத்து அவன் செய்வதை நீங்கள் பின்பற்றுங்கள். தம்மைப் பின்பற்றுபவரை இக்குழந்தைகள் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். அவன் உங்களை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிய பின், இடையிடையே புதிய அசைவொன்றைச் சேர்க்கலாம்.