சிறார் நன்னடத்தை அலுவலர் பயிற்சி: கண்டிப்பையும் திருத்துவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

குற்றத்தில் சிக்கிய சிறுவர்களைப் பற்றி விசாரித்து, கண்காணித்து, திருத்தப் பார்ப்பவர்கள் சிறார் நன்னடத்தை அலுவலர்கள். சென்னையில் அவர்களுக்கு வகுப்பெடுக்கப் போவதாகச் சொல்லி, கண்டிப்பையும் திருத்துவதையும் எப்படிச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். செல்போன் பறித்துப் பிடிபட்ட ஒரு பையனை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய குடும்பத்தையும் சூழ்நிலையையும் விசாரித்து அலுவலர் எழுதும் சமூக விசாரணை அறிக்கையில் தொடங்குங்கள். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, பையனைச் சிறார் வழக்குகளை விசாரிக்கும் சிறார் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்தியதிலிருந்து 15 நாளில் அதைக் கொடுத்தாக வேண்டும். ‘கெட்ட சகவாசம்’ என்று ஒரே வரியில் முடிப்பது அநியாயம். விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தில் அவனைப் பார்த்துப் பேசினால் மட்டும் போதாது. வீட்டுக்கும் போகணும்: பள்ளியை ஏன் விட்டான், ராத்திரி வீட்டில் யார் இருக்கிறார்கள், பறித்த செல்போனை யாரிடம் கொடுத்தான்?

சரி, கண்டிப்பு? அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில், குழுமம் போடக்கூடிய உத்தரவுகளாகச் சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் உண்டு. ஆனால் முதலில், ‘போனைப் பறிகொடுத்த அக்கா அன்றைக்கு எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பார்?’ என்று அவனையே யோசித்துப் பேச வைக்க வேண்டும். திட்டுவதைவிட இது ரொம்பக் கஷ்டம். வகுப்பில் ஒருவர் பையனாகவும் ஒருவர் அலுவலராகவும் நடித்துப் பழகினால்தான் கைவரும்.