வைஃபைக்கு உங்கள் செல்போன் எண்தான் பாஸ்வேர்டா?

கேள்வி: வீட்டு வைஃபைக்கு என் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறேன். ரவுட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 என்று காட்டுகிறது. அதை உடைத்துவிடலாம் என்கிறார் நண்பர். புது ரவுட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: ரவுட்டர் இருக்கட்டும். பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள்.

உங்கள் போன் வைஃபையில் இணையும்போது, அதற்கும் ரவுட்டருக்கும் இடையே நான்கு சிறு செய்திகள் போய்வரும். அவற்றில் பாஸ்வேர்டு இருக்காது. ஆனால், ஒரு பாஸ்வேர்டு சரியா என்று சோதிக்கத் தேவையானதெல்லாம் இருக்கும். தெருவில் நிற்பவர் லேப்டாப்பில் அதைப் பிடித்துக்கொண்டால் போதும். நீங்கள் இணையும்வரை அவர் காத்திருக்கவும் தேவையில்லை. ரவுட்டர் சொல்வதுபோல் ஒரு போலிச் செய்தியை அனுப்பினால், பல வீடுகளில் போன் இணைப்பை விட்டுவிட்டு மறுபடி இணையும். பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோ சற்று நின்று ஓடும், அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும். அப்புறம் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். எத்தனை முறை தப்பினாலும் உங்கள் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது.

செல்போன் எண் காலை வாருவது இங்கேதான். நம் எண்கள் 10 இலக்கம். தொடக்கம் 6, 7, 8, 9 மட்டுமே. ஆக மொத்தம் 400 கோடி. நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சம் சோதித்தால், 4,000 நொடியில் முடிந்தது. ஒரு மணி நேரமும் கொஞ்சமும்! உங்களைத் தெரிந்தவருக்கு அதுவும் வேண்டாம்.

அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, ஐந்து சொற்களை எடுத்துச் சேர்த்து ஆங்கில எழுத்தில் வையுங்கள். 63 எழுத்துவரை இடமுண்டு. பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி வேண்டவே வேண்டாம்.

கையோடு டபிள்யூபிஎஸ் வசதியை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமலே பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் இணைக்கும் வசதியை, அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணை ரவுட்டர் நான்கு நான்கு இலக்கமாக இரண்டு துண்டாகச் சரிபார்ப்பது 2011இல் அம்பலமானது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 10,000 கூட்டல் 1,000, அதாவது 11,000 முயற்சி போதும். சில ரவுட்டர்களில் இதற்குத் தடை உண்டு. ஆனாலும் அணைப்பதே நல்லது.

2017இல் பெல்ஜியம் ஆய்வாளர் மேத்தி வான்ஹூஃப் டபிள்யூபிஏ2-விலேயே ஓட்டை கண்டார். அதற்கு மருந்து சாஃப்ட்வேர் அப்டேட்தான்; போனுக்கும் ரவுட்டருக்கும் போடுங்கள். அடுத்த தலைமுறை முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் அதற்கு மாறுங்கள். அதில் ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும்.

ரவுட்டரில் டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை மட்டுமே இருந்தால்தான் புதிது வாங்கச் சொல்வேன். 2007இலேயே ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் அதை 60 நொடிக்குள் உடைத்துக் காட்டிவிட்டார்கள்.