காசு நின்றாலும் வாராவாரம் பதியுங்கள்

நண்பரே, இது 2010 ஜூலையில் எழுதுவது. அமெரிக்காவில் கட்டம் கட்டமாக நீட்டித்துத் தரும் வேலையிழப்பு உதவியில் ஜூன் நடுவில் இரண்டாம் கட்டம் தீர்ந்து, மூன்றாம் கட்டத்துக்குப் போக முடியவில்லை, வராத காசுக்கு வாராவாரம் 'இன்னும் வேலை இல்லை' என்று ஏன் பதிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். 2010 பிறந்து, நீட்டிப்புச் சட்டம் காலாவதியாகி உதவி நிற்பது இது மூன்றாவது முறை. ஏப்ரல் 5-இல் நின்றது. 15-ஆம் தேதி புதிய நீட்டிப்புச் சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டதும் விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். அப்போது நானும் ஞாயிறு இரவு போனில் பொத்தான்களை அழுத்தி, 'பாக்கி பூஜ்யம்' என்று அந்த இயந்திரக் குரல் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன். எரிச்சல்தான், ஆனால் பலித்தது.

ஜூலை 1-இல் நாடாளுமன்றக் கீழவை நிறைவேற்றிய நீட்டிப்பு மசோதாவும், சட்டமானால், ஜூன் 2 முதல் கணக்கிட்டுத் தரும். மேலவையான செனட்டில்தான் இப்போது சிக்கல்: 60 ஓட்டு வேண்டும், மேற்கு வர்ஜீனியா மாநில செனட்டர் ராபர்ட் பேர்ட் இறந்ததால் ஓர் இடம் காலி. அந்த இடத்துக்குப் புது ஆள் வந்த பிறகே மசோதா நகரும் என்பது என் கணிப்பு. அதுவரை வாடகை விஷயத்தை வீட்டுக்காரரிடம் நீங்களே முந்திப் பேசிவிடுங்கள்.