"மே மாதம் சேர்கிறேன்" என்று கேட்டுப் பார்

கேள்வி: அம்மா, நான் அரசுக் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாவது செமஸ்டர் முடிந்துவிட்டது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். படிப்பு முடிந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். சம்பளம் 14,000 ரூபாய், ஜனவரியிலேயே சேரச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு முதுகுவலி, முன்போல லோடு ஏற்றப் போக முடியவில்லை. கல்லூரிக்குப் போகாமல் பரீட்சை மட்டும் எழுதலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: மகளே, படிக்கும்போதே வேலைக்கு விண்ணப்பித்ததில் தப்பே இல்லை. இன்டர்வியூவில் தேர்வாகியும் இருக்கிறாய், எனக்குச் சந்தோஷம். ஆனால் படிப்பு முடிந்துவிட்டது என்று சொன்னாய் அல்லவா, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். சேர்ந்த கொஞ்ச நாளில் புரொவிஷனல் சர்டிபிகேட் (தற்காலிகப் பட்டச் சான்றிதழ்) கேட்பார்கள். அப்போது என்ன கொடுப்பாய்?

பரீட்சை மட்டும் எழுதுவது ரெகுலர் படிப்பில் நடக்காது. ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 90 வேலை நாட்கள், அதில் 75 சதவீத வருகை வேண்டும். மொத்தமாகவே 22 நாள்தான் விடுப்பு எடுக்க முடியும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டலாம், ரொம்பக் குறைந்தால் ஹால் டிக்கெட்டே வராது. வாரத்துக்கு ஆறு நாள் அலுவலகம் போகிறவள் இதை எப்படிச் சமாளிப்பாய்?

என் கல்லூரித் தோழி ஒருத்தி கடைசி செமஸ்டரில் இப்படித்தான் வேலைக்குப் போனாள். அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்றாள். கல்யாணம், குழந்தை என்று வருடங்கள் ஓடின, அந்தத் தாள்களை அவள் எழுதவே இல்லை. பதவி உயர்வு வரும்போதெல்லாம் "டிகிரி இல்லையே" என்று இவளை விட்டுவிட்டு அடுத்தவரைப் போட்டார்கள். அவள் அழுததைப் பார்த்தவள் நான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அந்த அலுவலகத்துக்குப் போன் செய். "சார், இன்டர்வியூவில் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும். எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் மே மாதம் சேர்கிறேன். அதுவரை சனிக்கிழமைகளில் வந்து வேலை பழகிக்கொள்கிறேன்" என்று சொல். கோபப்படலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் அந்த வேலை போகட்டும். இனி எங்கே விண்ணப்பித்தாலும் "பி.காம். இறுதியாண்டு, ஆறாவது செமஸ்டர்" என்றே எழுது. அரியர் இருந்தால் அதையும் மறைக்காதே. அப்புறம், எந்த நிறுவனம் கேட்டாலும் ஒரிஜினல் சான்றிதழ்களை அங்கே விட்டுவிட்டு வராதே. சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்.

சரி, வீட்டுச் செலவுக்கு என்ன வழி? நீ அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருக்கும். படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும். உனக்கு டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தெரியுமா? தெரிந்தால் பக்கத்தில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகங்களில் கேள். மாதாமாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு வருவதால், அதற்கு முந்தைய நாட்களில் பில் பதிவதற்கு ஆள் தேவைப்படும். உன் கல்லூரி ஷிப்ட் முறையில் நடந்தால் மீதி அரை நாள் உன் கையில் இருக்கிறது. 14,000 வராதுதான். ஆனால் மே மாதம் வேறு இடத்துக்கு இன்டர்வியூ போகும்போது, வேலை பழகியவள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்தால் உடனே விண்ணப்பித்துவிடு. அதற்குப் பத்தாம் வகுப்பே போதும், டிகிரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மொத்தம் 300 மதிப்பெண், அதில் பாதி தமிழ். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து இப்போதே தூசி தட்டி வை. குரூப் 2-க்கு மட்டும் அறிவிப்பு வரும் நாளில் டிகிரி கையில் இருக்க வேண்டும்.

அப்பாவிடம் இந்த வேலை விஷயத்தைச் சொன்னாயா என்று நீ எழுதவில்லை. இன்னும் ஐந்து மாதம்தான் என்று இன்று ராத்திரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. திங்கட்கிழமை போனில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது.