கோரைக்குக் கிராம்பு எண்ணெய்: மறுபடி துளிர்ப்பது ஏன்?

வணக்கம். கத்தரிப் பாத்தியில் லிட்டருக்கு 50 மி.லி. கிராம்பு எண்ணெய் தெளித்தும், கருகிய கோரைக் களை பத்தே நாளில் துளிர்த்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கலவையில் தப்பில்லை. கோரைக்கு இது மருந்தே அல்ல.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் இலையின் செல் சவ்வைக் கிழிக்கிறது. ஈரம் வெளியேறி, சில மணி நேரத்தில் இலை வாடுகிறது. பட்ட இடத்தோடு சரி, கீழே இறங்காது. கோரையின் உயிரோ மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்த கிழங்குகளில். எலுமிச்சைப்புல் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் எல்லாம் இதே கதைதான்.

பெரும்பாலான கிழங்குகள் மேல் அரையடி மண்ணிலேயே இருக்கும். தண்ணீர் விட்டு மண்ணை இளக்கிக் கொத்திக் கிளறி, கையால் பொறுக்கி, வெயிலில் சுக்காகக் காயவிடுங்கள். வெறுமனே பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். துளிர்த்த மூன்று வாரத்தில் புதுக் கிழங்கு வைக்கும் என்பதால் அதற்குள் அடுத்த சுற்று கொத்த வேண்டும். மண்மேல் விரிக்கும் மெல்லிய பாலிதீன் மூடாக்கை நம்பாதீர்கள், கோரை முளை ஊசி மாதிரி குத்திக்கொண்டு வந்துவிடும்.

மிச்ச எண்ணெயை வீணாக்க வேண்டாம். விதையிலிருந்து முளைத்து, இரண்டு மூன்று இலை விட்ட சாரணை, குப்பைக்கீரை போன்ற களைகள் மேல் நல்ல வெயிலில், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து நனைய அடியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும். கத்தரி இலையில் பட்டால் அதுவும் கருகும், பார்த்து! கண்ணில், தோலில் பட்டாலும் எரியும், கையுறை அவசியம்.