கணையத்தின் ஆல்ஃபா செல்லிலும் இன்சுலின் மரபணு இருக்கிறதே, அது ஏன் பீட்டா செல்லைப் போல இன்சுலின் சுரப்பதில்லை?

மரபணு இருந்தால் போதாது, டிஎன்ஏவில் அமர்ந்து அதை இயக்கும் புரதங்களான படியெடுத்தல் காரணிகளும் அந்தச் செல்லில் இருக்க வேண்டும். இன்சுலின் மரபணு தொடங்கும் இடத்துக்கு முன்னால் உள்ள சுமார் 400 காரஇணைகளில்தான் (டிஎன்ஏவின் எழுத்து ஜோடிகளில்தான்) முக்கியமான விஷயம் நடக்கிறது. அங்கே ஏ-பெட்டி என்ற இடத்தில் (டிஏஏடி என்ற நான்கெழுத்து வரிசை) பிடிஎக்ஸ்1 என்ற காரணி அமரும். ஈ-பெட்டியில் நியூரோடி1, தன் துணைப் புரதத்தோடு ஜோடியாக. சி1 பகுதியில் மாஃப்-ஏ. தனித்தனியாக இவை செய்வது கொஞ்சம்தான். மூன்றும் சேர்ந்தால் விளைவு கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும்.

ஆல்ஃபா செல்லில் மாஃப்-ஏ கிடையாது, பிடிஎக்ஸ்1-ம் இல்லை என்றே சொல்லலாம். அங்கே ஏஆர்எக்ஸ், மாஃப்-பி, பாக்ஸ்6 ஆகிய காரணிகளின் கூட்டணி, ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளூக்ககானின் மரபணுவை இயக்குகிறது. பாக்ஸ்6 ஆல்ஃபா, பீட்டா இரண்டு வகைச் செல்லிலும் உண்டு, ஆகவே அதை மட்டும் சாயமேற்றிப் பார்த்துச் செல்லை அடையாளம் காண முடியாது. எலியின் பீட்டா செல்லில் ஏஆர்எக்ஸை வலிந்து இயக்கினால் அது குளூக்ககான் சுரக்கும் செல்லாக மாறிவிடும்!

ஒரு எச்சரிக்கை: முதிர்ந்த எலியின் பீட்டா செல்லில் மாஃப்-பி அணைந்துவிடும், மனிதரில் தொடரும். எலி முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதில் பலர் சறுக்குவது இங்கேதான்.

குளூக்கோஸ் ஏறும்போது பிடிஎக்ஸ்1, மாஃப்-ஏ இரண்டின் செயலும் கூடும். ஆனால் வாரக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் (செல்லைச் சேதப்படுத்தும் வேதிச் சுமையால்) இவை மரபணுவில் பிணைவது குறைந்து, இன்சுலின் உற்பத்தியும் சரியும்.