நாட்டுக்கோழிக்கு வரும் நோயும் காயமும்: கேள்வி பதில்

கேட்கும்போது நான்கு விவரம் சேர்த்து எழுதுங்கள். கோழியின் வயது, எச்சத்தின் நிறம், காலையில் இரை போடுமுன் தொட்டால் இரைப்பை எப்படி இருக்கிறது, கடைசியாக என்ன தடுப்பூசி எப்போது போட்டது. "மந்தமா இருக்கு, என்ன மருந்து?" என்று மட்டும் கேட்டால் சொல்ல முடியாது. எல்லா நோயும் மந்தத்தில்தான் தொடங்கும்.

கேள்வி: ஐயா, மூணு நாள்ல ஏழு கோழி போயிருச்சு. வெள்ளையும் பச்சையுமா கழியுது. ஒண்ணு கழுத்தைத் திருகிக்கிட்டு வானத்தையே பாக்குது. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்தேன், கேக்கல. மீதி பதினஞ்சு இருக்கு. இப்ப ஊசி போடலாமா?

நீங்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல் போலத்தான் இருக்கிறது. ராணிக்கேத் நோய் என்பதும் இதுதான். ஆனால் இப்படிக் கொத்தாகச் சாகும்போது பறவைக் காய்ச்சல் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள்.

இது வைரஸ் நோய், குணமாக்கும் மருந்து கிடையாது. மஞ்சளும் வெங்காயமும் கொடுத்ததில் தப்பில்லை, ஆனால் அவை இதை நிறுத்தாது. நோய் நுழைந்த கொட்டகையில் ஆர்2பி என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடவே கூடாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழிக்குள்ளும் கிருமி ஏற்கெனவே இருக்கலாம், ஊசி அதை இன்னும் தளர்த்திவிடும். இன்னும் நோய் தொடாதவற்றுக்கு லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு போடலாமா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

உங்கள் கையில் இருப்பது பிரித்து வைப்பது. நல்ல கோழிக்கு முதலில் தீனி, தண்ணீர் வையுங்கள். நோய்க்கோழியிடம் கடைசியில் போங்கள், திரும்பும்போது கை, கால், செருப்பு கழுவுங்கள். செத்ததை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஓடையில் வீசினால் ஊரே இழக்கும். மிச்சத்தை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதும் அதே பாவம்தான்.

கேள்வி: சார், நான் ஊசி போட்டும் கழிச்சல் வந்துருச்சே. எதனால?

பெரும்பாலும் மருந்து வரும் வழியில் சூடாகியிருக்கும். இது உயிருள்ள கிருமி மருந்து. ஐஸ் நிரம்பிய பிளாஸ்கில் வர வேண்டும், கரைத்தபின் 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்த குப்பியைப் போட்டால் வெறும் தண்ணீரைப் போட்டது போலத்தான்.

இரண்டாவது காரணம் வரிசை தப்புவது. குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் எஃப்1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4 வாரத்தில் லசோட்டா மறுபடி. 8 வாரத்தில் ஆர்2பி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே 0.5 மில்லி. குஞ்சில் சொட்டு வாங்காத கோழிக்கு நேரே ஆர்2பி போட்டால் கால் இழுத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். புழு நிறைந்த கோழிக்கு எதிர்ப்புச் சக்தி சரியாக வராது.

குப்பி 100, 200 கோழிக்கு என்ற அளவில் வருவதால் பத்துக் கோழி வைத்திருப்பவர் தயங்குகிறார். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. அதை விடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, அஞ்சு வாரக் குஞ்சு, எச்சத்துல ரத்தம். கொண்டை வெளுத்துப் போச்சு.

இரத்தக்கழிச்சல், தம்பி. நாளை வரை காத்திருக்க வேண்டாம். ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள் வாங்கி, 10 லிட்டர் தண்ணீருக்கு 12 கிராம் கலந்து 5 நாள், பிறகு 6 கிராமாகக் குறைத்து இன்னொரு வாரம் கொடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் கண்ணில் படக்கூடாது. மருந்து நாள்களில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக் வேண்டாம். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே கிருமிக்கு வைட்டமின் பி1 கிடைக்காமல் தடுத்துத்தான். நாமே பி1 ஊற்றினால் மருந்து வீண். டானிக்கை மருந்து முடிந்தபின் கொடுங்கள்.

மருந்தைவிடத் தரைதான் முக்கியம். கூளத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. எச்சத்தில் வரும் முட்டை போன்ற கிருமி ஈரமும் சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும். பினாயில் ஊற்றினால் சாகாது, தரை நன்றாகக் காய்ந்தால்தான் சாகும். தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, சுற்றி நனைந்த உமியை அள்ளி வெளியே போடுங்கள்.

கேள்வி: கீரி கடிச்ச கோழி. முதுகுல காயம், இன்னைக்குப் பார்த்தா புழு நெளியுது. தேறுமா?

தேறும், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். காயத்தைச் சுற்றியுள்ள இறகைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். கடிவாய் சிறிதாகத் தெரிந்தாலும் தோல் சதையை விட்டுப் பிரிந்து உள்ளே பை மாதிரி ஆகியிருக்கும், புழு அங்கேதான் பதுங்கும். காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பைக் கரைத்து, ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் அந்தப் பைக்குள் பீய்ச்சுங்கள். வெளியே வருவதை இடுக்கியால் எடுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பிறகு போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறத்துக்கு நீர்த்து ஊற்றுங்கள். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைக் காயத்தின் ஓரத்தில், சுற்று இறகில் மட்டும் தடவினால் ஈ அண்டாது.

12 மணி நேரம் கழித்து மறுபடி திறந்து பாருங்கள். ஈ இட்ட முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், ஒரே முறையோடு நிறுத்துவதால்தான் பலருக்குக் கோழி கைவிட்டுப் போகிறது. தனிக் கூடையில் கொசுவலை மூடி வையுங்கள். மற்ற கோழி சிவப்பைக் கண்டால் கொத்தும். கடிக்காயத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லி வேண்டியிருக்கும். எடை பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான், வீட்டு மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். மூச்சு விடும்போது காயத்தில் நுரை வந்தால் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கொண்டையிலயும் கண்ணோரமும் கறுப்புக் கறுப்பா பொக்கு.

அம்மை. கொசு பரப்புவது. பொக்கை உரிக்காதீர்கள். அது 3, 4 வாரத்தில் தானே உதிரும். வேப்பிலை, மஞ்சள் அரைத்துத் தடவலாம். கண் ஒட்டியிருந்தால் மேலே சொன்ன உப்புத் தண்ணீரில் துடைத்து விடுங்கள். பார்வை மறைந்த கோழி தீனியில்லாமல்தான் சாகிறது, கையால் ஊட்டுங்கள். வாய்க்குள் மஞ்சள் படலம் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: முதல் முட்டை வைக்கப் போற வெடைக்கோழி, காலையிலேர்ந்து வாலைத் தொங்கப் போட்டு முக்கிக்கிட்டே நிக்குதுங்க ஐயா.

முட்டை அடைத்திருக்கும், அம்மா. ஆசனவாய்க்குக் கீழே மெதுவாகத் தொட்டால் கெட்டியாக உருண்டை படும். அமுக்க வேண்டாம். உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துச் சீழ் பிடிக்கும். கை பொறுக்கும் வெந்நீரில் வயிறு மூழ்க 20 நிமிடம் உட்கார வைத்து, துடைத்து, ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவி இருட்டான கூடையில் விடுங்கள். சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்யலாம். மறுநாள் காலைக்குள் வராவிட்டால் மருத்துவர்தான். முட்டையிடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் நொறுக்கைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள், வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஒரு காலை முன்னாடி, ஒரு காலைப் பின்னாடி நீட்டிப் படுத்திருக்கு. பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்தா எழுந்திருக்குமா?

வயது முக்கியம். சில வாரக் குஞ்சின் விரல் உள்பக்கம் மடங்கியிருந்தால் வைட்டமின் பி2 குறைவு. சீக்கிரம் கொடுத்தால் பலனுண்டு. 3, 4 மாதக் கோழி நீங்கள் சொல்கிறபடி கிடந்தால் மேரெக்ஸ் நோயாக இருக்கும், அதற்கு மருந்தில்லை. குஞ்சு பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசிதான் ஒரே வழி. அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது அந்த ஊசி போட்டாயிற்றா என்று பொரிப்பகத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பேன் மருந்து போட்டும் கோழி இளைக்குது, கொண்டை வெளுத்திருக்கு. உடம்புல ஒண்ணும் காணோம்.

பகலில் பார்த்திருப்பீர்கள். கோழி உண்ணியும் செஞ்செள்ளும் ராத்திரிதான் ஏறும், விடிந்தால் கூண்டு மரத்தின் விரிசலில் போய் ஒளியும். இரவு 10 மணிக்கு டார்ச்சோடு போய், கோழி அடையும் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் மருந்து போட வேண்டியது கோழிக்கு மட்டுமல்ல, கூண்டுக்கு. விரிசலைத் தீயால் வாட்டி, சுண்ணாம்பு அடித்து அடையுங்கள். வாட்டும்போது கோழி, கூளம் இரண்டும் வெளியே இருக்க வேண்டும்.